வரி ஏய்ப்புப் பட்டியலில் காணாமல் போன பெயர்கள்: இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆன கோவைக்காரரின் கதை

உக்கடத்தில் ‘லிஸ்ட்’ என்ற வார்த்தை தெரியாதவர் யாரும் இருக்க முடியாது. ரேஷன் கடையில் லிஸ்ட். குடிசை மாற்று வாரிய வீட்டுக்கு லிஸ்ட். மேம்பாலத்துக்காக இடம் காலி செய்தவர்களுக்கு மாற்று வீடு, அதுக்கும் லிஸ்ட். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருமா வராதா என்பதும் லிஸ்ட்டைப் பொறுத்ததுதான். பேர் இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸுக்கு அலையணும்.

இதே கோவையில் வேறு ஒரு வகை லிஸ்ட் இருந்தது. அதில் பேர் இருந்தால்தான் ஆபத்து. இரண்டாம் உலகப் போரில் கோடிக்கணக்கில் சம்பாதித்து, வரி கட்டாமல் ஏய்த்தவர்கள் எனச் சந்தேகிக்கப்பட்ட பெரும் பணக்காரர்களின் லிஸ்ட் அது. அதிலிருந்து சில பெயர்கள் சத்தமில்லாமல் நீக்கப்பட்டன. விஷயம் வெளியே வந்ததும் இந்தியாவின் முதல் நிதியமைச்சர் பதவியை விட்டு விலகினார். அவர் கோயம்புத்தூர்க்காரர். பெயர் ஆர்.கே.சண்முகம் செட்டியார்.

பட்ஜெட் நாளில் வருகிற குவிஸ் கேள்வியாக மட்டும்தான் இவரை நம்மில் பலருக்குத் தெரியும். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தவர் யார்? பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த வேலையில் அவர் இருந்தது ஒரே ஒரு வருஷம்தான். ஏன் அவ்வளவு சீக்கிரம் போனார் என்பதில்தான், யார் வரி கட்டுகிறார்கள், யார் தப்பிக்கிறார்கள் என்ற மொத்தக் கதையும் இருக்கிறது.

மில் ஊரின் பிள்ளை

1892 அக்டோபர் 17 அன்று கோயம்புத்தூரில் பிறந்தார். ராபர்ட் ஸ்டேன்ஸ் இந்த ஊரில் முதல் பஞ்சாலையைத் தொடங்கியது 1888-ல். அதாவது ஊர் மில் ஊராக மாற ஆரம்பித்த நேரத்தில் பிறந்தவர். வசதியான வணிகக் குடும்பம். பின்னாளில் வசந்தா மில் என்ற பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட குடும்பம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார்.

1917-ல் கோவை நகராட்சி கவுன்சிலர், பிறகு துணைத் தலைவர். குளம், சாக்கடை, குடிநீர் என்று ஊர் வேலையில் ஆரம்பித்த அரசியல். 1920-ல் நீதிக்கட்சி சார்பில் சென்னை சட்டசபைக்குப் போனார். சில வருஷத்தில் சுயராஜ்யக் கட்சிப் பக்கம் வந்து, டெல்லி மத்திய சட்டசபைக்குப் போனார். 1933-ல் அந்தச் சபைக்கே தலைவர் ஆனார், இன்றைய சபாநாயகர் பதவி மாதிரி. பிரிட்டிஷ் அரசு ‘சர்’ பட்டம் கொடுத்தது.

இதற்கிடையில் 1932-ல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்த பேரரசு வர்த்தக மாநாட்டுக்கு இந்தியப் பிரதிநிதியாகப் போய் வந்தார். பிரிட்டிஷ் சரக்குக்குச் சலுகை தரும் ஒப்பந்தம் அங்கே கையெழுத்தானது. காங்கிரஸ்காரர்கள் கடுப்பானார்கள். 1934 தேர்தலில் தோற்றார். சபைத் தலைவரே தோற்ற தேர்தல் என்பதால் நாடு முழுக்கப் பேச்சு.

1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான். கொச்சித் துறைமுகம் வளர்ந்ததில் அவருடைய பங்கு பெரிது. எர்ணாகுளம் மரைன் டிரைவ் பக்கம் போனால் ‘சண்முகம் ரோடு’ என்று ஒரு சாலை வரும். வீக்எண்டு ட்ரிப்பில் அங்கே ரீல்ஸ் எடுக்கிற கோவைப் பசங்களில் எத்தனை பேருக்கு அது நம்ம ஊர்க்காரர் பெயர் என்று தெரியுமோ!

1944-ல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸில், ஐ.எம்.எஃப்பும் உலக வங்கியும் உருவான மாநாட்டில் இந்தியக் குழுவில் ஒருவர். இவ்வளவுக்கும் நடுவில் தமிழிசைக்காகப் பேசினார், சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதிப் பதிப்பித்தார்.

போரில் யார் பணக்காரர் ஆனது?

லிஸ்ட் கதைக்குப் போகும் முன் போர்க்காலக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இதுதான் எல்லாத்துக்கும் வேர்.

இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டன் இந்தியாவில் துணி, தானியம், சணல், இரும்பு என்று வாங்கித் தள்ளியது. காசு? லண்டனில் கடன் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடன் பத்திரத்தைக் கையிருப்பாக வைத்து இந்தியாவில் ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டு அச்சடித்தது. பொருள் நாட்டை விட்டு வெளியே போகிறது, நோட்டு மட்டும் உள்ளே கூடுகிறது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

இந்த விலையேற்றமும் ஒரு வரிதான். எந்தச் சட்டசபையிலும் ஓட்டெடுப்பு நடத்தாமல் போட்ட வரி. தினக்கூலிக்காரர் அதே கூலியில் பாதி அரிசி வாங்கினார். 1943-ல் வங்காளத்தில் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். மறுபக்கம், கையில் சரக்கு வைத்திருந்தவர்களுக்கு நல்ல காலம். கோவையைப் பொறுத்தவரை, பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்து சேர்ந்த பிறகு மில்கள் பெருகியிருந்தன. போர் வந்ததும் ராணுவத்துக்குத் துணி, உள்ளூரில் துணிப் பஞ்சம். நூலுக்குச் சொன்னதுதான் விலை.

அரசு சும்மா இருக்கவில்லை. 1940-லேயே அதிக லாப வரி கொண்டுவந்தது. போருக்கு முந்தைய சாதாரண லாபத்தைத் தாண்டி வருகிற தொகையில் 50 சதவீதம், பிறகு மூன்றில் இரண்டு பங்கு வரி. சட்டத்தில் பார்த்தால் கடுமைதான். ஆனால் லாபத்தைக் கணக்கில் காட்டினால்தானே வரி? கள்ளச்சந்தையில் விற்ற சரக்குக்கு பில் கிடையாது. 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்தார்கள். ஆமா, 2016-க்கு 70 வருஷம் முன்னாடியே ஒரு பணமதிப்பு நீக்கம் நடந்திருக்கிறது.

ஏழைக்கு இப்படி ஒளிக்கிற வழி எதுவும் இல்லை. அவர் கட்டிய வரி உப்பிலேயே இருந்தது. காந்தி 1930-ல் தண்டிக்கு நடந்த பிறகும் உப்பு வரி போகவில்லை, இன்னும் 17 வருஷம் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1939 முதல் விற்பனை வரியும் சேர்ந்துகொண்டது. சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கால் கலால் வருமானம் குறைந்ததை ஈடுகட்ட ராஜாஜி அரசு கொண்டுவந்த வரி அது. இன்றைய ஜிஎஸ்டிக்கு ஒரு வகையில் தாத்தா முறை. கடையில் பொருள் வாங்கும்போதே விலையோடு சேர்ந்து போய்விடும். மில் முதலாளி வாங்கினாலும் மில் தொழிலாளி வாங்கினாலும் சதவீதம் ஒன்றுதான். ஆனால் சம்பாதிப்பதை எல்லாம் சாப்பாட்டுக்கும் துணிக்கும் செலவழிக்கிறவருக்கு அந்தச் சதவீதம் வருமானம் முழுக்க விழும். மிச்சம் பிடித்துச் சொத்து வாங்குகிறவருக்கு வருமானத்தில் ஒரு துண்டில்தான் விழும்.

பட்டியல் பிறந்த பட்ஜெட்

1947 பிப்ரவரி 28. சுதந்திரத்துக்கு இன்னும் ஆறு மாதம். இடைக்கால அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த லியாகத் அலி கான், பின்னாளில் பாகிஸ்தானின் முதல் பிரதமர் ஆனவர், ஒரு பட்ஜெட் போட்டார். உப்பு வரியை ஒழித்தார். வருமான வரி விலக்கு வரம்பை 2,000 ரூபாயிலிருந்து 2,500 ஆக உயர்த்தினார். ஒரு லட்சத்துக்கு மேல் வணிக லாபம் இருந்தால் 25 சதவீதம் தனி வரி என்றார். சொத்து விற்ற லாபத்துக்கும் வரி. கூடவே, போர்க்கால வரி ஏய்ப்பை விசாரிக்க ஒரு கமிஷன்.

ஏழைகள் பட்ஜெட் என்று அதற்குப் பெயர் வந்தது. தொழிலதிபர்கள் கொந்தளித்தார்கள். காங்கிரஸை நசுக்க, அதன் புரவலர்கள் மேல் முஸ்லிம் லீக் போட்ட குண்டு என்றுகூடப் பேசினார்கள். அதில் கொஞ்சம் அரசியல் இருந்திருக்கலாம். ஆனால் உப்பு வரி போனது உப்பு வாங்கிய எல்லோருக்கும் போனது, லீக்காரர் காங்கிரஸ்காரர் என்று பார்க்கவில்லை. கடைசியில் 25 சதவீதம் 16⅔ சதவீதமாகக் குறைந்தது. கமிஷன் மட்டும் 1947-ல் சட்டமாகி நின்றது.

அதன் வேலை இப்படி: பெரிய அளவில் வரி ஏய்த்திருக்கிறார் என்று நம்ப முகாந்திரம் இருந்தால், மத்திய அரசு அந்த வழக்கை கமிஷனுக்கு அனுப்பும். சாதாரண வருமான வரி அதிகாரிக்கு இல்லாத அதிகாரங்கள் கமிஷனுக்கு உண்டு. நீதிபதி எஸ்.வரதாச்சாரியார் அதன் தலைவர்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். யாரை அனுப்புவது என்பதை முடிவு செய்வது அரசு. அனுப்பிவிட்டால் கடுமையான விசாரணை. அனுப்பாவிட்டால் வழக்கமான ஃபைல், வழக்கமான வேகம். வரி விகிதம் எவ்வளவு என்று சபையில் மணிக்கணக்காக விவாதம் நடக்கும். லிஸ்ட்டில் யார் பேர் என்பது செயலகத்தில் ஒரு அறையில் முடிவாகும்.

காங்கிரஸ்காரர் அல்லாத நிதியமைச்சர்

1947 ஆகஸ்ட் 15. நேருவின் முதல் அமைச்சரவையில் காங்கிரஸுக்கு வெளியே இருந்து சிலர் வந்தார்கள். அம்பேத்கர் ஒருவர், சண்முகம் செட்டியார் இன்னொருவர். பிரிட்டிஷ் ஆதரவாளர் என்று ஒரு காலத்தில் திட்டு வாங்கியவரிடம் கஜானா சாவி.

அந்த வருஷம் நவம்பர் 26 அன்று ஏழரை மாதத்துக்கான பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. செலவில் கிட்டத்தட்ட பாதி, 92.74 கோடி, ராணுவத்துக்கு. பிரிவினை அகதிகளுக்கு ஏறக்குறைய 22 கோடி. உணவு தானிய மானியத்துக்கும் ஏறக்குறைய 22 கோடி. வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்குத் தானியம் வாங்கி, ரேஷனில் குறைந்த விலைக்குக் கொடுத்ததால் வந்த செலவு அது. இலவசம் கொடுத்தே நாடு கெட்டுப்போச்சு என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டிலேயே உணவு மானியம் உண்டு. போட்டவர் ஒரு வணிகக் குடும்பத்துக்காரர்.

அந்த பட்ஜெட்டில் அவர் போட்ட புது வரிச்சுமை, ஏற்றுமதியாகும் பருத்தித் துணி, நூல் மேல். மில் ஊர்க்காரர் மில் சரக்கின் மேல் போட்ட வரி. இதை அவருக்குச் சாதகமான பக்கத்தில் எழுதத்தான் வேண்டும்.

அடுத்தது 1948 பிப்ரவரி பட்ஜெட். வணிக லாப வரி 16⅔-லிருந்து 10 சதவீதமாக இறங்கியது. தொழிலில் முதலீடு முடங்கிவிட்டது, வரியைக் குறைத்தால்தான் உற்பத்தி பெருகும் என்பது அவர் வாதத்தின் சாரம். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது நாம் கேட்டதும் கிட்டத்தட்ட இதையேதான்.

அதே மாதங்களில் இன்னொரு பக்கம் என்ன நடந்தது? காந்தியும் வலியுறுத்தியதால், 1947 டிசம்பரிலிருந்து உணவுக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அடுத்து துணிக் கட்டுப்பாடும் போனது. விலை எகிறியது. மில்களுக்கும் துணி வியாபாரிகளுக்கும் மறுபடி அறுவடை. 1948 முடிவதற்குள் கட்டுப்பாடுகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. இந்த முடிவை நிதியமைச்சர் தலையில் மட்டும் கட்ட முடியாது, மொத்த அரசும் சேர்ந்து எடுத்தது. ஆனாலும், லாபத்தின் மேல் வரி குறைந்த அதே காலத்தில் வேட்டி, சேலை விலை ஏறியதை ஜனங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1948 ஆகஸ்ட்

அந்தக் கோடையில் அவர் லண்டனில் இருந்தார். போர்க்காலத்தில் பிரிட்டன் நமக்குப் பட்ட கடனை எப்படித் திருப்பித் தருவது என்று பேரம் பேச, இந்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போயிருந்தார். முந்தைய வருஷங்களில் கூலிக்காரர் இழந்த அரிசி, துணியின் கணக்குதானே அந்தக் கடன்! ஒப்பந்தத்தோடு திரும்பினார்.

திரும்பிய சில வாரங்களில் பூகம்பம். வரி ஏய்ப்பு விசாரணைக் கமிஷனுக்கான வழக்குகளில் சில விலக்கிக்கொள்ளப்பட்டது சபையில் கேள்வியானது. யார் நீக்கச் சொன்னது? எந்த அடிப்படையில்? நீக்கப்பட்டவர்களில் கோவை மில் முதலாளிகள் சிலர் இருந்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதிகாரிகள் மட்டத்தில் நடந்த வேலை, அமைச்சர் அதைச் சரியாகப் பார்க்காமல் விட்டார் என்பது ஒரு தரப்பு. அவருக்கு மேலேயும் கைகள் இருந்தன, பழி இவர் மேல் விழுந்தது என்பது இன்னொரு தரப்பு. இதில் அவர் சொந்தமாக ஒரு பைசா லாபம் அடைந்ததாக நிரூபிக்கப்படவில்லை. துறைக்குப் பொறுப்பு தான் என்று ஏற்று ராஜினாமா செய்தார். ஜான் மத்தாய் அடுத்த நிதியமைச்சர் ஆனார்.

அவரை நல்லவர் கெட்டவர் என்று பிரிக்கிற விளையாட்டில் எனக்கு ஆர்வம் இல்லை. அதிகாரியின் தவறுக்கு அமைச்சர் பதவி விலகியது பெரிய விஷயம், இன்றைக்கு அப்படி எத்தனை பேரைக் காட்ட முடியும்? ஆனால் அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டிக்கொண்டே நாம் மறந்துவிடுகிற கேள்வி வேறு. பட்டியலில் இருந்து பேர் எடுப்பது அவ்வளவு சுலபமாக எப்படி இருந்தது?

உரிமைத் தொகைப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று அந்தத் திட்டம் தொடங்கியபோது, 1.06 கோடி பெண்கள் தேர்வானார்கள். அதற்கு வைத்த வடிகட்டிகள்: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நிலம் 5 ஏக்கர் நஞ்சை அல்லது 10 ஏக்கர் புஞ்சைக்குள், கரண்ட் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். வீட்டில் கார் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். மாசம் 1,000 ரூபாய்க்கு ஒரு குடும்பத்தின் மீட்டர் ரீடிங் வரைக்கும் அரசுக்குத் தெரிந்தாக வேண்டும். நிராகரித்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு 30 நாள் கெடு. அரசுப் பணம் தகுதியானவர்களுக்குப் போகணும் என்றால் சோதனை வேண்டியதுதான், அதில் தப்பில்லை. உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் வேலை பார்க்கிறவரின் வீட்டை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடிகிற அரசுக்கு, பெரிய கணக்குகளைப் பார்க்கும்போது மட்டும் ஏன் பார்வை மங்குகிறது?

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் இதில் எங்கே வருகிறீர்கள் என்றால், நடுவில். டிடிஎஸ் பிடித்தது போகத்தான் சம்பளமே அக்கவுண்டுக்கு வரும். உங்கள் பேரை லிஸ்ட்டிலிருந்து எடுக்க யாராலும் முடியாது, நீங்கள் கேட்கப் போவதும் இல்லை. அதனாலேயே நம் கோபம் பெரும்பாலும் கீழ்ப்பக்கமாகப் போகிறது. என் டாக்ஸ் காசில் இலவச பஸ்ஸா என்று கேட்கிறோம். அந்த பஸ்ஸில் போகிற அம்மாவும் சோப்பு, எண்ணெய், செல்போன் ரீசார்ஜ் எல்லாத்துக்கும் ஜிஎஸ்டி கட்டித்தான் வாங்குகிறார் என்பது பில்லை உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அதன் பிறகு லிஸ்ட்டுக்கு என்ன ஆச்சு?

சண்முகம் செட்டியார் 1953 மே மாதம் காலமானார். வயது 60. கமிஷனின் முடிவைப் பார்க்க அவர் இல்லை. ஒருவேளை இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

1950-ல் அரசியலமைப்புச் சட்டம் வந்துவிட்டது. அதில் 14-வது பிரிவு: சட்டத்தின் முன் எல்லோரும் சமம். கமிஷனிடம் மாட்டியவர்கள் அந்தப் பிரிவைக் கையில் எடுத்தார்கள். ஒரே மாதிரி வரி ஏய்த்த இரண்டு பேரில் ஒருவரை மட்டும் பொறுக்கியெடுத்து கடுமையான சட்டத்தில் விசாரிப்பது, இன்னொருவரைச் சாதாரணச் சட்டத்தில் விடுவது எப்படிச் சமம் ஆகும்? கேள்வி நியாயமானதுதான். 1954 மே மாதம் உச்ச நீதிமன்றம் கமிஷன் சட்டத்தின் ஒரு பகுதியை ரத்து செய்தது. 1955 டிசம்பரில் சென்னை வருமான வரி ஆணையருக்கு எதிரான ஒரு வழக்கில், வழக்குகளை கமிஷனுக்கு அனுப்புகிற பிரிவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அதாவது, சிலரை லிஸ்ட்டிலிருந்து நீக்கியதால் ஒரு நிதியமைச்சர் போனார். சிலரை மட்டும் லிஸ்ட்டில் வைத்திருந்ததால் லிஸ்ட்டே போனது.

இதற்குள் சிலர் கமிஷனோடு சமரசம் பேசி, தவணையில் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான பஷேஷர் நாத், அந்தச் சமரசமும் செல்லாது என்று வழக்குப் போட்டார். நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டீர்களே என்றது அரசுத் தரப்பு. 1958 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பஷேஷர் நாத் பக்கம் நின்றது, அடிப்படை உரிமையை யாரும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்று. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்தத் தீர்ப்பு பாடம். வழக்கு எங்கிருந்து கிளம்பியது, போர்க்காலத்தில் யார் வயிற்றில் அடித்துச் சேர்ந்த பணம் அது என்பது பாடத்தில் ஒரு வரியாக வந்தால் அதிகம்.